கல்யாண ஆல்பத்தைக் கொடுக்காமல் கூடுதல் பணம் கேட்கும் போட்டோகிராபர்: என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டை. போன ஆவணியில் என் தங்கை கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. செங்குன்றத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரிடம் போட்டோ, வீடியோ சேர்த்து 1,20,000 ரூபாய்க்குப் பேசினோம். கேண்டிட் எடுக்கத் தானே வருவதாகவும், இரண்டு வீடியோ கேமரா, ட்ரோன், 45 நாளில் இரண்டு ஆல்பம் என்றும் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார். அட்வான்ஸ் 30,000 ஜிபே செய்தோம், அப்புறம் 50,000 அவர் சொன்னபடி அவர் மனைவி நம்பருக்கு, ரிசப்ஷன் அன்று ராத்திரி 20,000 கையில். அதே முகூர்த்தத்தில் வேறு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, எங்களுக்கு இரண்டு பையன்களை அனுப்பிவிட்டார். ட்ரோன் வரவே இல்லை. தாலி கட்டும் வீடியோ இல்லை, "கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்கிறார். ஐந்து மாதமாக ஆல்பமும் இல்லை. பாக்கி 20,000 போக ஹார்டு டிஸ்க் சார்ஜ் 15,000 கொடுத்தால்தான் போட்டோ தருவாராம். ஆனால் தங்கையின் போட்டோக்களைத் தன் இன்ஸ்டாகிராமில் போட்டு விளம்பரம் செய்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். அக்ரிமென்ட் எதுவும் எழுதவில்லை. கேஸ் நிற்குமா? செங்குன்றம் திருவள்ளூர் மாவட்டமாச்சே, அங்கே போய் அலைய வேண்டுமா?

பதில்: கேஸ் நிற்கும், நன்றாகவே நிற்கும். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், கோபத்தில் முதல் நாளே "பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லைன்னா பார்த்துக்கறேன்" என்று ஆரம்பிப்பது. பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கோர்ட் இருக்கிறது. அவர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் உங்கள் தங்கை கல்யாணத்தை அவர் அழித்துவிட்டால் எந்த நீதிபதியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சீசன் முடிந்ததும் இடம் போதவில்லை என்று பழைய ஃபங்ஷன் டேட்டாவைத் தூக்கிப்போடுவது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் முதலில் போட்டோ, பிறகு பணம். நான் கீழே சொல்வது எல்லாம் அந்த வரிசையில்தான்.

இன்றைக்கு, இதைப் படித்து முடித்த உடனே, அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும் உங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் தேதி, பக்கத்தின் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுங்கள். நோட்டீஸ் போன மறுநாளே அதெல்லாம் காணாமல் போகும். அந்தப் படங்கள் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றால், படங்கள் பத்திரமாக, எடிட் செய்து, அவர் கையில் இருக்கின்றன என்பதற்கு அவரே போட்ட சாட்சி அது. "இன்னும் எடிட்டிங் முடியலை" என்று நுகர்வோர் ஆணையத்தில் அவர் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது, போட்டோகிராபர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லி, காசு கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "என் கேமரா, என் ஒர்க்கு" என்று அவர் எவ்வளவு பேசினாலும், உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் தங்கை முகத்தை வைத்து அடுத்த ஆர்டர் பிடிக்க அவருக்கு உரிமை கிடையாது. அவர் அனுப்பிய கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்று ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்ரிமென்ட் இல்லை என்று நீங்கள் பயப்படுவது தேவையில்லாத பயம். வாட்ஸ்அப் கொட்டேஷன், நீங்கள் "ஓகே" என்று அனுப்பிய பதில், அட்வான்ஸ் போட்ட ஜிபே ரசீது, இந்த மூன்றும் சேர்ந்தால் அதுதான் ஒப்பந்தம். முத்திரைத்தாள் தேவையில்லை. மனைவி நம்பருக்குப் போட்ட 50,000 எனக்கு வரவில்லை என்று பின்னால் சொல்லக்கூடும், அதனால் "இந்த நம்பருக்குப் போடுங்க" என்று அவர் அனுப்பிய மெசேஜை விட்டுவிடாதீர்கள். கையில் கொடுத்த 20,000-க்கு ரசீது வாங்கியிருக்க மாட்டீர்கள். சரி, கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மொத்தம் 1,20,000. இப்போது அவர் கேட்கும் "பாக்கி" 20,000. அப்படியானால் ஒரு லட்சம் வந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஜிபேயில் தெரிவது 80,000 என்றால் மீதி 20,000 எப்படிப் போயிருக்கும்? கையில்தானே. அந்த பாக்கி விஷயத்தை அவர் வாயால் மட்டும் சொல்லியிருந்தால், சண்டை போடாமல் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "அண்ணா, இதுவரை ஒரு லட்சம் கொடுத்திருக்கோம், 20 பாக்கி, சரிதானே?" என்று. "ஆமா" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். கட்டைவிரல் எமோஜி வந்தால் அதையும் விடாதீர்கள்.

இந்த சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், அந்த போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். "கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்பது வாய்ஸ் நோட் என்றால் அதையும் தனியாகச் சேமியுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைப்பார்கள், பழைய சட்டத்தில் 65பி என்று சொல்வோமே அதுதான். நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவு செய்துவிடுவார்கள், இருந்தாலும் அந்தச் சான்றிதழைச் சேர்த்தே கொடுங்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைக்காமல் போகும்.

அடுத்தது நோட்டீஸ். வக்கீல் மூலம் அனுப்பலாம், நீங்களே எழுதியும் அனுப்பலாம். மிரட்டல், வசவு எதுவும் வேண்டாம். நடுவில் இந்தப் பகுதி கண்டிப்பாக இருக்க வேண்டும்:

"எங்கள் குடும்ப நிகழ்ச்சியில் தாங்கள் எடுத்த அசல் படங்கள், வீடியோக்கள், பயன்படுத்திய மெமரி கார்டுகள் எதையும் அழிக்காமலும் மறுபடி உபயோகிக்காமலும் பாதுகாக்க வேண்டும். இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவற்றின் முழு நகலையும் இரண்டு ஆல்பங்களையும் ஒப்படைக்க வேண்டும். செய்யாத வேலைகளுக்கு இழப்பீடு கேட்கும் எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஒப்படைக்கும் அன்றே மீதி 20,000 ரூபாயைத் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்."

அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்பீர்கள், அவ்வளவு கெடுத்தவருக்கு இன்னும் 20,000 வேறா என்று வீட்டில் அப்பா கத்துவார். அது இல்லாவிட்டால் "காசு பாக்கி வைத்துவிட்டுக் கேஸ் போடுகிறார்கள்" என்பதுதான் அவருடைய முதல் பதிலாக இருக்கும். அந்தப் பதிலை இப்போதே அடைத்துவிடுகிறோம். 15,000 ஹார்டு டிஸ்க் சார்ஜ் கொட்டேஷனிலேயே இல்லை, அதைத் தரவே வேண்டாம்.

கெட்டுப்போனதாகச் சொல்லும் கார்டையே கேளுங்கள். அதற்குப் பிறகு அதில் வேறு எதுவும் எடுக்காமல் இருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு, ரிச்சி தெருவில் டேட்டா ரெக்கவரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்டைக் கொடுக்க மறுத்தாலோ, ஃபார்மேட் பண்ணிட்டேன் என்றாலோ, அதுவே உங்கள் புகாரில் இன்னொரு குறைபாடாகச் சேரும். நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் எடுத்து வையுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கடைக்கு வெளியே நின்று போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முகவரிக்கு அது உதவும்.

பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் புகார். செங்குன்றத்துக்கோ திருவள்ளூருக்கோ நீங்கள் போகவேண்டாம். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் போட வேண்டியிருந்தது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். நீங்கள் தண்டையார்பேட்டை, அதனால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நேரில் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் மூலமும் தாக்கல் செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை (வக்கீலான நான் சொல்லக்கூடாதுதான், ஆனால் உண்மை). உங்கள் மாதிரிச் சின்ன, தெளிவான விவகாரத்தை நீங்களே நடத்தலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள், அதற்குச் செலவில்லை, சில சமயம் அந்த ஒரு அழைப்பிலேயே கடைக்காரர் இறங்கி வந்துவிடுவார்.

புகாரில் காசு கொடுத்தவரும் தங்கையும் சேர்ந்து புகார்தாரர்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் காசு ஒருவர் கணக்கிலிருந்து போயிருக்கிறது, நஷ்டம் இன்னொருவருக்கு. காலக்கெடு இரண்டு வருடம், கல்யாண நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. பேசிக்கொண்டே இருந்துவிட்டு இரண்டு வருடம் தாண்டி வருகிறவர்கள் நிறையப் பேர்.

புகாருடன் சேர்த்தே ஒரு இடைக்கால மனுவும் போடுங்கள். வழக்கு நடக்கும்போது இடைக்கால உத்தரவு போட ஆணையத்துக்கு 38-வது பிரிவின் கீழ் அதிகாரம் உண்டு. டேட்டாவை அழிக்கக் கூடாது, இன்ஸ்டாகிராமிலிருந்து படங்களை எடுக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள். பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கேட்பது? கட்டணம் இல்லை என்பதற்காக 25 லட்சம் என்று எழுதாதீர்கள், படிப்பவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அது முழுதாகக் கிடைக்காவிட்டாலும் ட்ரோன், அவர் நேரில் வராதது, இரண்டாவது வீடியோ கேமராவும் வராமல் இருந்திருந்தால் அது, இவற்றுக்கான பங்கையாவது கேளுங்கள். தாலி கட்டிய காட்சி போனதற்கு மன உளைச்சல் இழப்பீடு தனியாக, செலவுத்தொகை தனியாக. என்னைக் கேட்டால் இழப்பீடு இரண்டு லட்சத்துக்கு மேல் போக வேண்டாம். அவர் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு இடத்தில் ஆர்டர் எடுத்தது வெறும் அஜாக்கிரதை அல்ல, தெரிந்தே செய்தது, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா? அதை அழுத்தி எழுதுங்கள். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்ற வரியை அவர் காட்டினால் அசர வேண்டாம், நீங்கள் கல்யாணத்தை ரத்து செய்யவில்லையே, வேலையைச் செய்யாதவர் அவர்.

சட்டப்படி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், நடைமுறையில் அதைவிட இழுக்கும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது. நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். முழு டேட்டாவும் கைக்கு வந்து, கணிசமாக ஒரு தொகையும் தந்தால் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். உத்தரவு வந்த பிறகும் செய்யாவிட்டால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000-க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

போலீஸ் சொன்னது பாதி சரி. வாக்குத் தவறியது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் ஆள் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறார், பையன்களையும் அனுப்பியிருக்கிறார், அதனால் அந்தப் பக்கம் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். இதே போல் பத்துப் பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் கதை வேறு, அப்போது எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஏரியாவில் செல்வாக்கான யாரையாவது அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவது மட்டும் வேண்டாம், நாளைக்கு மிரட்டினார்கள் என்று உங்கள் மேலேயே புகார் வரும்.

கூகுள் ரிவ்யூ போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், ஆனால் டேட்டா கைக்கு வந்த பிறகு. நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள், "ஃபிராடு", "திருடன்" என்ற வார்த்தைகள் இல்லாமல், அவதூறு என்று ஒரு கவுன்டர் நோட்டீஸ் வர இடம் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் ஒரு போன் வரும், "கடைக்கு வாங்க அண்ணா, பேசி முடிச்சுக்கலாம்" என்று. போங்கள், தனியாகப் போகாதீர்கள், இரண்டு டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கேயே காப்பி செய்து, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பாக்கியை ஜிபேயில் போடுங்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், "படங்களின் நகல் பெற்றேன்" என்று மட்டும் எழுதுங்கள். பணத்துக்கு பதில் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால் வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள், அதற்கும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் 138 வழக்கு, அதாவது செக் பவுன்ஸ் வழக்கு. அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள், அங்கே ஒரு நாள் தவறினாலும் சிக்கல்.