பாலாற்றுப் பக்கம் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு: கூட்டாளி தேடுவது பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், சுற்றுச்சூழல் சார்ந்து முதுகலையும் பிஎச்.டி.யும் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் இங்கேயே ஆய்வு முடித்து, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை கூடும் ஆய்வு மாணவர் வட்டம் ஒன்றையும் பார்த்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் டிபார்ட்மென்ட்டில் சுற்றுச்சூழல் தலைப்பு எடுத்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் நானோ, மருந்து என்று இருக்கிறார்கள். என் வேலையைப் பற்றிப் பேச ஆளே இல்லை. எங்கே தேடுவது? (முதலாண்டு ஆய்வு மாணவி, காட்பாடி)

'சுற்றுச்சூழல்' என்று போர்டு மாட்டிய துறையில் மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வேதியியலில் ஒருவர், தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் குரோமியம் என்ற உலோகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாவரவியலில் ஒருவர் ஜவ்வாது மலை மரங்களை எண்ணிக்கொண்டிருப்பார். பொருளாதாரத்தில் ஒருவருக்கு, ஆற்றோர நிலம் தரிசானபின் விவசாயக் கூலிகள் எங்கே போனார்கள் என்பது தலைப்பாக இருக்கும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் படிப்பவரும் உங்கள் ஆள்தான். வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், வேலூரில் முத்துரங்கம், ஊரீசு, காட்பாடியில் ஆக்சீலியம், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடியில் இஸ்லாமியா, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என்று ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்தால் போய்விடும் தூரம்தான்.

ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் பாலாறு, தோல் கழிவு, ஏலகிரி, ஜவ்வாது என்று போட்டுத் தேடுங்கள். கிடைக்கும் ஆய்வேட்டில் முதலில் நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். எந்த லேபில் கருவி கொடுத்தார்கள், யார் வண்டி ஓட்டினார்கள், எந்த ஜூனியர் கூட வந்தார் என்று எல்லாம் அங்கே இருக்கும். அந்த ஜூனியர் இப்போது உங்களுக்கு சீனியராக எங்கோ இருப்பார். இன்னும் முடிக்காதவர்களின் ஆய்வுச் சுருக்கத்துக்கு ஷோத்கங்கோத்ரி. மெயில் எழுதும்போது "வழிகாட்ட வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், அவர் வேலையில் ஒரே ஒரு இடத்தைச் சுட்டி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்.

கேள்வி: நாங்கள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். முதல் வாரம் கலகலப்பு. இப்போது காலை வணக்கமும் கருத்தரங்கு நோட்டீசும்தான். என்ன செய்தால் உயிர் வரும்? (திருவள்ளுவர் பல்கலை மாணவர்கள் இருவர், ஏறக்குறைய இதே கேள்வி)

குரூப்பை விடுங்கள். உங்களுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் வட்டம் நிலைத்ததற்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை விட்டபின் ஒரு முறை, ஆற்றோரக் கிணறுகளில் சாம்பிள் எடுப்போம். தனியாகப் போனால் இது நாய்படாத பாடு. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் பாட்டில், வாயில் பேனா மூடி! நான்கு பேர் போனால் ஒருவர் வாளி இறைப்பார். ஒருவர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுவார். ஒருவர் டி.டி.எஸ். (கரைந்த உப்பு), பி.எச். (அமிலத்தன்மை) மீட்டரைப் பார்ப்பார். நான்காவது ஆள் கிணற்றுக்காரரோடு பேசுவார். இந்த நான்காவது ஆளாக வேதியியல்காரரைப் போடாதீர்கள், பொருளாதாரமோ சமூகப்பணியோ படிப்பவரைப் போடுங்கள். "இந்தக் கிணறு எப்போ உப்பாச்சு?" என்று அவர் கேட்டு வாங்கும் பதில் எந்தக் கருவியிலும் வராது. பெரியவர் மகள் கல்யாண வருஷத்தை வைத்துக் கணக்குச் சொல்வார். அதற்கு முன்னால் நெல் போட்டதையும் சொல்வார்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. மொத்தக் குரோமியம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு (குரோமியத்தில் நச்சு அதிகமான வகை) எடுத்த பாட்டிலில் அமிலம் விடக்கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதனால் அன்று ராத்திரி யாராவது ஒருவர் லேபில் உட்கார்ந்தாக வேண்டும். அவருக்கு டிபன் கொண்டுபோய்க் கொடுத்து, அப்படியே கூட உட்கார்ந்து பேசுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிநேகம் வருகிறது. வட்டமேசை, அறிமுகப் படலம், பலூன் உடைக்கும் விளையாட்டு எல்லாம் எனக்கு ஒத்துவருவதில்லை.

கேள்வி: எங்க ஊர் ஆம்பூர் பக்கம். "வருஷா வருஷம் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போறாங்க, ஒருத்தரும் திரும்பி வந்து ரிசல்ட் சொன்னதில்ல" என்று என் அப்பா திட்டுகிறார். நானும் இப்போது எம்.எஸ்சி. சேர்ந்து பாட்டிலோடு போய் நிற்கிறேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

உங்கள் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். அவருக்கு ரிசல்ட்டைக் கொடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் வட்டத்தில் இது முதல் விதி. யாருடைய கிணற்றில் எடுத்தோமோ அவர் கையில் ஒரு தாள் போய்ச் சேர வேண்டும். தமிழில், தேவைப்பட்ட ஊர்களில் உருதுவிலும். தேதி, கிணறு இருக்கும் இடம், நாங்கள் பார்த்த அளவு, பக்கத்திலேயே குடிநீருக்கான இந்தியத் தர அளவு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம். "குடிக்கலாம், குடிக்கக்கூடாது" என்று ஒரே ஒரு சாம்பிளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எங்கே மனு கொடுப்பது என்பதைத் தாளின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள். கொடுக்கும்போது ஜூனியர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருஷம் அந்த வீட்டில் மோர் கிடைக்கும், கிணற்றுக்கு வழியும் கிடைக்கும்.

கேள்வி: என் அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தார். மீட்டிங்கில் எல்லோரும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்றாலே வில்லன் மாதிரிப் பேசுகிறார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. (பேரணாம்பட்டு)

எழுந்து போகாதீர்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும்.

வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்த மண்ணின் வழக்கு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுபடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு, 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு. கேடு வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்திச் சொன்னார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசு, இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நம் மாணவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வருவதால் ஒரு பக்கமாகப் பேசுகிறார்கள்.

ஆனால் 2015 ஜனவரி 31-ஐ மறக்கக்கூடாது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில், தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் ராத்திரியில் உடைந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சேற்றில் மூழ்கியவர்கள் கூலிக்காரர்கள். தொழிலாளியை ஒரு பக்கம், ஆற்றை ஒரு பக்கம் நிறுத்திப் பேசுகிறவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம்.

வேதியியலும் அவ்வளவு எளிதில்லை. தோல் பதனிடுவதில் பயன்படுவது ட்ரைவேலன்ட் குரோமியம், நச்சு குறைந்த வகை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலையிலிருந்து நிலத்தடியில் கசிவது ஹெக்ஸாவேலன்ட், அதாவது கொடியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பினால் ஆய்வும் கெடும், உங்கள் அப்பாவுக்கும் அநியாயம். அப்புறம், கிணறுகள் உப்பானதில் பெரும்பங்கு, பச்சைத் தோல் கெடாமலிருக்கப் பூசும் சாதாரண உப்புக்கு. தோலை ஊறவைக்கும் முதல் தொட்டித் தண்ணீரில் அது எவ்வளவு இறங்குகிறது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். எங்கள் வட்டத்துக்கு ஒருமுறை பதனிடும் வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் வந்து பேசினார். அன்று மூன்று பேர் தங்கள் கள ஆய்வுக் கேள்விப் பட்டியலைத் திருத்தி எழுதினார்கள்.

கேள்வி: டேட்டாவைக் காட்டினால் திருடிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, நடக்கிறது. சேர்ந்து எடுத்த சாம்பிள் என்றால் வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: யார் எந்த அளவீட்டைப் பயன்படுத்துவார், கட்டுரையில் யார் பெயர் முதலில், யாருக்கு நன்றி மட்டும். முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பின்னால் வரும் சண்டைக்கு இந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

கேள்வி: கைடுக்கு (ஆய்வு வழிகாட்டிக்கு) இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஊர் சுற்றாதே, பேப்பர் எழுது" என்கிறார்.

கூட்டம் என்று சொல்லாதீர்கள், வேலை என்று சொல்லுங்கள். "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் கேட்டு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுகிறோம் சார், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்" என்றால் எந்த கைடும் தடுக்க மாட்டார். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும் அல்லவா? அதற்கு முந்தின வாரம் வட்டத்தில் ஒரு ஒத்திகை வைத்துவிடுங்கள். குழுவில் தடுமாறாமல் பேசினால் கைடே அடுத்த மாணவரை அனுப்பி வைப்பார்.

கேள்வி: நான் பார்ட் டைம். கல்லூரி வேலை, வீடு, மூன்று வயதுக் குழந்தை. மாலைக் கூட்டங்களுக்கு வரவே முடிவதில்லை அக்கா. (குடியாத்தம்)

மாலையில் வைப்பவர்கள் உங்களை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பதரை வரை என்று மாற்றச் சொல்லுங்கள். மே மாதத்தில் அதற்குமேல் வேலூர் வெயிலில் எவராலும் உட்கார முடியாது. இடத்துக்குக் கோட்டைப் பூங்கா இருக்கிறது. 'ராஜா இல்லாத கோட்டை' என்று நம்மைக் கிண்டல் செய்வார்கள். ராஜா இல்லாததால் வாடகையும் இல்லை! குழந்தை ஓடி விளையாடலாம்.

இன்னொன்று, பலருக்கும் தெரிவதில்லை. 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிகளின்படி பெண் ஆய்வாளர்களுக்குக் காலக்கெடுவில் கூடுதலாக 2 ஆண்டுச் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எங்களுடன் வங்காளம், அசாம், கேரளா மாணவர்கள் நிறைய. அவர்கள் தனிக் கூட்டமாக இருக்கிறார்கள்.

களத்துக்குக் கூட்டிப் போங்கள். கிணற்றுக்காரர் பேசுவதை ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் குறித்துக்கொள்ளட்டும். ஜவ்வாது மலைக்கு ஒரு தடவை அழைத்துப் போனால் போதும், அடுத்த தடவை அவர்களே தேதி கேட்பார்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட நிறுத்துவதும் உதவும். காசு அவரவர் போட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபெல்லோஷிப் வாங்குபவரும் வாங்காதவரும் ஒரே வண்டியில் இருக்கும்போது யாரும் 'ட்ரீட்' என்று ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: நான்காம் ஆண்டு. கருவி பழுது, பேப்பர் ரிஜெக்ட். காலையில் எழுந்திருக்கவே தோன்றவில்லை. விட்டுவிடலாமா?

விடுவதா தொடர்வதா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதீர்கள். எழுந்திருக்கவே தோன்றவில்லை என்பது சோம்பல் இல்லை, அதற்கு முதலில் உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஆலோசகர் இருந்தால் அவரையும் பாருங்கள். பேப்பர் பற்றி அப்புறம் பேசலாம், அதற்கு நாங்கள் இருக்கிறோம். வட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லையென்றால் குரூப்பில் கேட்காதீர்கள், போன் செய்யுங்கள். "எப்போ சப்மிட்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சீனியர்கள் வைவா (பிஎச்.டி. இறுதி வாய்மொழித் தேர்வு) முடித்துப் போனதும் எல்லாம் கலைந்துவிடுகிறது. இதற்கு என்ன வழி?

ஒருங்கிணைப்பவர் எப்போதும் இரண்டு பேர். அதில் ஒருவர் கட்டாயம் முதலாண்டு. ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, எந்தக் கிணறு, யார் வீடு, நாய் உண்டா, எந்த மாதம் வறண்டது, தாள் கொடுத்தாயிற்றா என்று கையால் எழுதி வையுங்கள். கூகுள் டிரைவ் யாரோ ஒருவருடைய பழைய மெயிலோடு போய்விடும். வைவா முடித்தவர் கிளம்புவதற்கு முன்னால் புது ஆளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிணற்றுக்கும் அழைத்துப் போய், "இனிமே இவங்க வருவாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். அன்றைக்கே மீட்டர், ஐஸ் பெட்டி, மிச்சப் பாட்டில்கள் எல்லாம் கைமாறட்டும்.