போட்டோகிராபருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பெரம்பூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் மகன் சனி, ஞாயிறு வந்தால் மாமாவோடு மண்டபத்துக்கு லைட் பிடிக்கப் போய்விடுகிறான், இனி இதுதான் என் தொழில் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "போட்டோகிராபருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஊர்க் கல்யாணத்திலெல்லாம் முன்வரிசையில் நிற்கிறவருக்கா அந்தக் கவலை!

என் தங்கை கல்யாணத்தைப் படம் எடுத்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் முன்பு மெடிக்கல் ரெப். பையும் டையுமாகக் கிளினிக் கிளினிக்காகப் போய், நோயாளிகளோடு ஒருவராகப் பெஞ்சில் காத்துக் கிடந்தவர். யார் பயந்திருக்கிறார், யார் பயத்தை மறைக்க அதட்டுகிறார் என்று பார்க்கப் பழகியது அங்கேதான் என்பார். வேலை போன பிறகு நண்பரின் ஸ்டூடியோவில் கணக்குப் பார்க்கப் போனார். அங்கே கேமரா கைக்கு வந்தது.

எங்களுக்கு அப்பா இல்லை. முகூர்த்த நேரத்தில் அம்மா தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே ஒதுங்கிக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லார் கண்ணும் தாலியில். இவர் மேடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். அப்புறம் குரூப் போட்டோ ஆரம்பித்தபோது, "அம்மா வந்து நின்னாத்தான் எனக்கு லைட் சரியா வரும்" என்று முதல் ஆளாக அவரை மேடைக்குக் கூப்பிட்டார். லைட்டுக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் முணுமுணுக்க இருந்த பெரியவர்களுக்கு வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று. அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கேமராவை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். இந்தக் கண் உங்கள் மகனிடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அடுத்த கல்யாணத்திலிருந்து திரும்பியதும் "எத்தனை போட்டோ எடுத்தே?" என்று கேட்காதீர்கள். "அங்கே யார் யாரைப் பார்த்தே?" என்று கேளுங்கள். லென்ஸைப் பற்றியே பேசினால் ஆசை கருவி மேல். மனிதர்களைப் பற்றிப் பேசினால் விஷயம் வேறு.

தொழிலின் கஷ்டத்தையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வாடகைக்கும் இஎம்ஐக்கும் அந்தக் கணக்கு கிடையாது. அதிகாலை முகூர்த்தம் என்றால் ராத்திரித் தூக்கம் போச்சு. ஒருநாள் கல்யாணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பிரித்துத் திருத்தப் பல நாள் ஆகும். ஆல்பம் கைக்குப் போனபின் பாக்கிப் பணத்துக்கு அலைவது தனிக்கதை. கேமராவைத் தவணையில் வாங்கித் தராதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்கே கிடைக்கிறது.

படிப்பு? விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கலாம், காமர்ஸ் பிரிவு அதற்குப் பெரும்பாலும் தடையாக இருக்காது. ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு பி.காம். சேர்ந்து, வார இறுதியில் மாமாவோடு போவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. கொட்டேஷன், அட்வான்ஸ், வரி எல்லாம் தெரிந்த போட்டோகிராபரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. மூன்று வருடம் கழித்து கேமரா சலித்தாலும் மனிதர்கள் சலிக்கவில்லை என்றால், எழும்பூரில் 1952 முதல் நடக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பு படிக்கலாம், எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை, தொண்டு நிறுவனம், கம்பெனிகளின் எச்.ஆர். பிரிவு எல்லாவற்றிலும் ஆளைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறவருக்கு வேலை இருக்கிறது.

ரிசல்ட் வருவதற்குள் அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையாகக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மட்டும்தான் வருவீர்கள்.