விழுந்த நாவலும் பாதி வேம்பும்

(2024 டிசம்பரில் வந்த கடிதம்)

வணக்கம் ஐயா,

ஃபெஞ்சல் புயல் கரையேறி ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் வீடு திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில். வீட்டைச் சுற்றி 40 சென்ட் தோட்டம். பறவைகளுக்காகவே பத்து வருடமாக அதிகம் கை வைக்காமல் வளர்த்தோம். இரண்டு தென்னை விழுந்துவிட்டன. முருங்கை இருந்த இடமே தெரியவில்லை. பெரிய நாவல் பாதி வேர் மண்ணில் இருக்க, அப்படியே சாய்ந்து கிடக்கிறது. கொல்லை வேம்பு ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் பக்கத்துப் பட்ட கிளையின் பொந்தில்தான் போன வருடம் புள்ளி ஆந்தை குஞ்சு பொரித்தது. ஜேசிபியை வரவழைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துவிடலாம் என்கிறார் மாமனார். கிடந்தால் பாம்பு அடையும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். விறகுக்காரர் ஒருவர் மொத்தத்துக்கும் 4000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கோ எதையும் தொடாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறது. நீங்கள் கஜா புயலில் அடிபட்டவர். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு விஷயத்தில் நான் உங்கள் மாமனார் கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தென்னைகளைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பேராவூரணிக்கு அருகே என்னிடம் 63 தென்னை இருந்தன. பொழுது விடிந்து எண்ணிப் பார்த்தால் நின்றது 11. பட்ட மரத்தை அப்படியே விட்டால் பூச்சிக்கும் பறவைக்கும் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தோப்பின் ஓரமாக இருபது மரம் வரை கிடக்க விட்டேன். உண்மையைச் சொன்னால் கொள்கை பாதி, சோம்பல் பாதி. அந்தச் சமயத்தில் தென்னந்தடியைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் புதிதாக வைத்த கன்றுகளில் விரியும் ஓலையெல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல முக்கோணமாக வெட்டுப்பட்டு வந்தன. காண்டாமிருக வண்டு. கிடந்த தடி ஒன்றைக் கடப்பாரையால் பிளந்தேன். கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் புழுக்கள், கை நிறைய அள்ளலாம். மட்கும் தென்னந்தடியும் எருக்குழியும்தான் அதற்குத் தொட்டில். ஆறு மாதத்துக்குள் முட்டை வண்டாகி, பக்கத்து வீட்டுக்காரர் தென்னை வரைக்கும் போய்விடும். என் பிடிவாதத்துக்கு அவர் கன்றுகளும் பலியாயின. இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது கொஞ்சம் சிரமம்தான்.

அதனால் தென்னையைத் துண்டு போட்டுப் பிளந்து, வெயிலில் காயவைத்து, அடுப்புக்கோ சூளைக்கோ அனுப்பிவிடுங்கள். அடிக்கட்டையை மறக்காதீர்கள், அதுவும் மட்கும். நிற்கிற தென்னை இருந்தால் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் ஊற்றித் தோட்டத்தில் வையுங்கள். வாசனைக்கு வந்து விழும் வண்டுகளைத் தினமும் எடுத்துவிட வேண்டும். இதை எழுதும்போது இன்னொன்று தோன்றுகிறது. விழுந்த அன்றே தென்னையின் குருத்தை வெட்டித் தின்றீர்களா? ஒன்பது நாள் ஆகிவிட்டது, போச்சு. கஜாவுக்கு மறுநாள் எங்கள் தெருவில் சோறு இல்லை, எல்லார் கையிலும் தென்னங்குருத்து.

சரி, வேம்புக்கும் நாவலுக்கும் வருவோம். அங்கே நான் உங்கள் கட்சி.

கஜா காற்றுப் புயல், மரத்தை நடுவில் முறித்தது. ஃபெஞ்சலில் காற்று அவ்வளவு இல்லை. ஆனால் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மண் சேறாகி வேரைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டது. உங்கள் நாவல் முறியாமல் சாய்ந்தது அதனால்தான். பாதி வேர் மண்ணில் இருந்தால் அது செத்த மரம் இல்லை, படுத்திருக்கிற மரம். கைப்பருமன் கன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தூக்கிக் கட்டியிருக்கலாம். பெரிய மரத்தை இயந்திரம் வைத்து நிமிர்த்தினால் மிச்சம் இருக்கும் வேரும் அறும். படுத்தபடியே விடுங்கள். வெளியே தெரியும் வேரை மண்ணும் ஈரச் சருகும் போட்டு மூடுங்கள். தலைப்பாரத்தில் ஒரு பங்கைக் குறைத்து, தண்டு மேலும் சாயாமல் கவட்டைக் கொம்பு ஒன்றை முட்டுக்கொடுங்கள். நாவல் துளிர்க்கக் கூச்சப்படாத மரம். சித்திரைக்குள் முதுகு நெடுக நேராகக் குச்சி குச்சியாகக் கிளம்பும். அதில் இரண்டை மட்டும் வளரவிட்டால் போதும்.

ஜேசிபி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. லண்டனில் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஏற்கெனவே நோஞ்சானாகிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஓக் மரத்தை, 1987 அக்டோபர் புயல் வேர்த்தட்டோடு, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த அடித்தட்டோடு, தூக்கித் திரும்ப அதே குழியில் உட்கார வைத்தது. எப்படியும் வெட்ட வேண்டியதுதான் என்று கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், புயலுக்கு முன் இருந்ததைவிடச் செழிப்பாக நின்றது. வருடக்கணக்காக ஜனங்கள் நடந்து நடந்து இறுகிய மண்ணைப் புயல் இளக்கிவிட்டதாம். அப்புறம் மரத்தடி மண்ணை இளக்குவதே அங்கே ஒரு வைத்தியமாகிவிட்டது. இந்த ஈர மண்ணில் ஜேசிபி ஒரு நாள் உருண்டால், நின்று தப்பித்த மரங்களின் வேர்களும் கல்லாக இறுகிய மண்ணுக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும்.

வேம்புதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. கிழிந்த பக்கத்தைச் சீராக்க வேண்டும், ஆனால் தண்டோடு ஒட்டி வழிக்கக் கூடாது. கிளை தண்டில் சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டைபோல ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும். கனத்த கிளை என்றால் முதலில் ஓரடி தள்ளி அடியிலிருந்து பாதி, பிறகு மேலிருந்து, கடைசியாகத் தடிப்பை ஒட்டி. ஒரே வெட்டில் போட்டால் கிளை விழும்போது பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் கட்டிக்கொண்டு மேலே புதுக்கட்டை வளர்த்து மூடுகிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இது. தார் பூசினால் ஈரம் உள்ளே தங்குவதுதான் மிச்சம்.

ஆந்தை இருந்த பட்ட கிளையை அளந்து பாருங்கள். அது முறிந்தால் விழக்கூடிய தூரத்தில் வீடு, கரண்ட் கம்பி, பிள்ளைகள் விளையாடும் இடம் எதுவும் இல்லையென்றால் அப்படியே விடுங்கள். இருந்தால், பொந்துக்கு மேல் இரண்டடி விட்டு நுனியைக் குறைத்தால் பாரமும் குறையும், பொந்தும் தங்கும். செய்வதை இந்த மார்கழிக்குள் செய்துவிடுங்கள். மாசி பங்குனியில் முட்டை இருக்கும். ஏறுவதற்கு முந்தின நாள் அந்தி நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பொந்திலிருந்து யாராவது வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆந்தைக்கும் மைனாவுக்கும் கிளிக்கும் பொந்து குடையத் தெரிவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்ட கட்டையில் குடைந்து காலி செய்யும் வீட்டுக்குத்தான் இவை குடிவருகின்றன. பட்ட கிளையை வெட்டினால் ஒரு தெருவே போகிறது.

பாம்பு பயம் வீண் பயம் இல்லை. கட்டுவிரியன் இரவில் எலியையும் பல்லியையும் தேடி வரும், பகலில் இடுக்கில் படுக்கும். விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்குவதுதான் உண்மையில் ஆபத்து, நம் ஊரில் எல்லாரும் செய்வதும் அதுதான். நாவலின் கழித்த கிளைகளையும் வேம்பின் கனத்த துண்டுகளையும் தோட்டத்தின் கடைசி மூலையில், நிழலில், பாதி மண்ணில் புதையும்படி போடுங்கள். அரணை, தேரை, கரையான், கரையானைத் தேடிக் குண்டுகரிச்சான் எல்லாம் அங்கே வரும். பிள்ளைகளுக்கு அந்த மூலை கிடையாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களும் அதற்குள் கைவிடக் கூடாது, இரவில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது.

பாம்பைவிட எனக்குப் பயம் சாய்ந்த தென்னையை அறுக்கும் நேரம்தான். தண்டை அறுத்துப் பாரம் போனதும் வேர்த்தட்டு சட்டென்று எழுந்து குழியில் உட்காரும். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் அந்தக் குழிக்குள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தான். ஒருவர் பார்த்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அறுப்பு நடக்கும் நாளில் பிள்ளைகளை உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முருங்கைக்கு ஒரு வரி போதும். முறிந்த போத்தில் மூன்றடித் துண்டாக நான்கை வெட்டி நடுங்கள், வந்துவிடும்.

கடைசியாக அந்த 4000 ரூபாய். தென்னைக்கும் முருங்கைக்கும் அந்த விலை எந்த விறகுக்காரரும் தரமாட்டார். அவர் கண் வேம்பின் அடிமரத்தில் இருக்கிறது. தென்னையை மட்டும் எடுத்துக்கொண்டு போக எவ்வளவு என்று மாமனாரையே பேரம் பேசச் சொல்லுங்கள்.