19 இடம் பிடித்த கட்சி எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா 1952 தேர்தலில் உழைப்பாளர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். “நாம ஜெயிக்க வெச்சோம், அவங்க போய் காங்கிரஸ்ல சேர்ந்துக்கிட்டாங்க” என்று கடைசிவரை புலம்பினார். முதல் தேர்தலிலேயே 19 இடம் பிடித்த கட்சி அதற்குள் எப்படிக் காணாமல் போனது? பதவிக்கு விலைபோனார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செந்தில், விருத்தாசலம்

அன்புள்ள செந்தில்,

தாத்தாவின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கட்சி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் பாருங்கள். வட மாவட்டங்களில் வன்னியர்கள் எண்ணிக்கையில் பெரும் சமூகம். காங்கிரஸ் டிக்கெட்டிலும் அரசு வேலையிலும் அவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். அந்த மனக்குறையில்தான் தென்னாற்காடு, சேலம் பக்கம் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி உழைப்பாளர் கட்சியையும், வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியையும் நடத்தினார்கள். கோரிக்கை ஒன்று, கட்சி இரண்டு. (நமக்கு இது புதிதா என்ன!) அந்தத் தேர்தலில் நிற்காத தி.மு.க., திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றவர்களை ஆதரித்தது. இவர்களும் அதில் அடக்கம்.

அப்புறம் வந்தது கணக்கு. சென்னை சட்டமன்றத்தில் மொத்தம் 375 இடம், காங்கிரஸுக்கு 152தான். உழைப்பாளர் கட்சியின் 19, காமன்வீலின் 6, ஆக இந்த 25 பேருக்கு அன்று இருந்த மவுசு பிறகு ஒருபோதும் இல்லை. ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது மாணிக்கவேலு உள்ளே போனார். படையாட்சி அப்போது சேரவில்லை.

1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்து, அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் போனதும் சபையின் கணக்கே மாறியது. அடுத்த ஏப்ரலில், குலக்கல்வித் திட்டத்துக்கு (பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்) வந்த எதிர்ப்பில் ராஜாஜி விலகிக் காமராஜர் வந்தார். முதல்வரையும் சேர்த்து மந்திரிகள் எட்டே பேர். அதில் ஒருவர் மாணிக்கவேலு, இன்னொருவர் படையாட்சி! காமராஜர் எம்.எல்.ஏ. ஆவதற்கு இடைத்தேர்தலில் நின்றதும் வட ஆற்காட்டுக் குடியாத்தத்தில்தான். அதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எட்டில் இரண்டு கிடைத்த பிறகு தனிக்கட்சிக்கு என்ன வேலை? இரண்டும் காங்கிரஸில் கரைந்தன. விலைபோனார்கள் என்பதைவிட, கேட்டது கிடைத்தது என்பேன். கேட்டதுதான் சின்னதாக இருந்தது: உள்ளே ஓர் இடம். நிலம், கூலி, படிப்பு பற்றி உறுதியான திட்டமும், தலைவர் போனாலும் நிற்கக்கூடிய கிளைகளும் இருந்திருந்தால், இரண்டு நாற்காலிகளோடு கதை முடிந்திருக்காது.

தலைவர்கள் போன இடத்துக்குத் தொண்டர்களும் போனார்களா என்றால், எல்லோரும் போகவில்லை. 1957-இல் 15 இடம் பிடித்த தி.மு.க., 1962-இல் 50 பிடித்தது. அதில் வட மாவட்டங்களின் பங்கு பெரிது.

மந்திரி பதவி வந்ததே தவிர, சாதாரண வீட்டுப் பையனுக்கு வேலை வரவில்லை. வன்னியர்கள் உள்ளிட்ட மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு தனியாகக் கிடைத்தது 1989-இல், அதுவும் வன்னியர்களின் 1987 சாலை மறியலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பிறகு. பா.ம.க. தொடங்கியதும் அதே 1989-இல்தான்.