தாவரவியல் படித்த மகள் ஆராய்ச்சிக்குப் போகலாமா? ஒரு விவசாயத் தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மகள் எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறாள், பி.எட். சேர்த்துவிட்டால் நிம்மதி என்று நீங்கள் நினைக்க, அவளோ பி.எச்டி.தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "செடி கொடியைப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்றும் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் டெல்டாவில் சம்பா போடுகிறவர். சி.ஆர். 1009 சப்-1 நெல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் சாதாரண நெல் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்க்கும். அந்தத் தவிப்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நிமிரத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். சப்-1 குணம் உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் வடிந்ததும் தளிர்க்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த குணம் இது. அதற்குக் காரணமான மரபணு எது என்பதை 2006-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அப்புறம், விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் போட்டுக்கொண்டிருந்த ரகங்களிலேயே அந்தக் குணத்தை ஏற்றினார்கள். உங்கள் மகள் போக நினைப்பது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. நீங்கள் நிலத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே தேர்வில் பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த உதவித்தொகை வராது. "நெட் பாஸ்" என்று யாராவது சொன்னால் எந்தப் பிரிவில் என்று கேட்க வேண்டும்.

விலங்கியலும் நோயெதிர்ப்பியலும் வருகிறதே என்று தாவரவியல் பிள்ளைகள் இந்தத் தேர்வைக் கண்டு மிரள்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. உயிர் அறிவியல் தாளின் மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25-க்குப் பதில் எழுதினால் போதும், தலா 4 மதிப்பெண். தாவர உடலியல், மரபியல், சூழலியல், பரிணாமம், ஆய்வு முறைகள் ஆகியவற்றை ஆழமாகப் படித்தவளுக்கு அந்த 25 கிடைத்துவிடும்.

தேர்வைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு நெல் ஆராய்ச்சி வயலில் மாணவி ஒருத்தி இரண்டு ரகங்களை இனக்கலப்பு செய்வதை ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பூவின் நுனியிலும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்று தங்கினாலும் அந்தப் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும், உழைப்பு வீண். கதிர் முடிந்ததும் பட்டர் பேப்பர் உறை போட்டு, தேதி எழுதிக் கட்டினாள். மறுநாள் காலை பூ விரியும் நேரத்தில் மற்ற ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன் மகரந்தத்தை இதன் மேல் உதிர்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு கதிரில் சில மணிகள் பிடிக்கும். கால் முழங்கால் வரை சேறு. இதில் அவளுக்குச் சலிப்பு வந்த மாதிரியே தெரியவில்லை.

உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பது தேர்வு மதிப்பெண்ணில் தெரியாது. அதனால், நெட்டுக்குப் படித்துக்கொண்டே ஆறு மாதம் ஏதாவது ஒரு புராஜெக்டில் உதவியாளராக வேலை பார்க்கட்டும். சென்னையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் என்று கேட்டுப் பார்க்கலாம். 1930-களில் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் கரும்பை மற்ற புல்லினங்களோடு ஒட்டுச் சேர்த்துப் பார்த்தது அந்தக் கோவை நிறுவனத்தில்தான். வேளாண் பல்கலைக்கழகங்களின் பயிர்ப் பெருக்கத் துறைகளில் பெரும்பாலும் வேளாண் பட்டம் கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு ஆய்வுதான் அவள் விருப்பம் என்றால் டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது கைடு, அதாவது ஆய்வை வழிநடத்துகிறவர். நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்து, கைடோடு ஒத்துவராமல் மூன்றாம் ஆண்டில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சேரும் முன் அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரிடமாவது அவள் தனியாகப் பேச வேண்டும். எத்தனை ஆண்டில் முடித்தீர்கள், லீவு கேட்டால் கிடைக்குமா, கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வந்ததா என்று கூச்சப்படாமல் கேட்கட்டும்.

வேலை விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல மாட்டேன். முடிக்கும்போது வயது 28 ஆகிவிடும். நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். பலர் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஆய்வு செய்த பிறகே நிலைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் பணி, விதை நிறுவனங்கள் என்ற வழிகளும் உண்டு. கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதை இந்தக் கணக்கையெல்லாம் முன்னால் வைத்து அவளிடமே கேளுங்கள். பி.எட். எங்கும் ஓடிவிடாது, பிறகும் சேரலாம்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் வாருங்கள். அவளுடைய எம்.எஸ்சி. புராஜெக்ட் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். பைண்டு செய்த ரிப்போர்ட் வேண்டாம், லேபில் அன்றன்றைக்குக் கையால் எழுதிய நோட்டு. அதை வைத்துக்கொண்டு எந்த கைடுக்கு என்ன எழுதுவது என்று மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம்.