முதலில் இஞ்ச் டேப், அப்புறம் லென்ஸ்

கண்புரை அறுவை சிகிச்சையில் வைக்கும் லென்ஸ் பற்றிச் சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்ட கேள்விகளும் கண் மருத்துவர் குழுவின் பதில்களும்.

கொலுசுப் பட்டறையில் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறேன். வயது 58. இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் நாலு லென்ஸ் காட்டி நாலு விலை சொன்னார்கள். விலை கூடினால் பார்வையும் கூடுமா? எனக்குத் தொழில் கெடக்கூடாது.
— வாசகர், செவ்வாய்பேட்டை

இல்லை. காசு கூடக் கூட, கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடிய தூரங்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒரு தூரத்தில் கிடைக்கும் தெளிவு கூடுவதில்லை. சொல்லப்போனால், ஒரே தூரத்துக்கு வைக்கும் சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸ்தான் அந்தத் தூரத்தில் மிகத் தெளிவான பார்வை தரும்.

ஆகவே விலைப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். பட்டறையில் வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கம்போலக் கொலுசைப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவரை இஞ்ச் டேப்பால் உங்கள் கண்ணின் ஓரத்திலிருந்து சலங்கை வரை அளக்கச் சொல்லுங்கள். செ.மீ. கணக்கில் வந்ததை வைத்து 100-ஐ வகுங்கள். 40 செ.மீ. என்றால் 2.5; 33 என்றால் 3; 50 என்றால் 2. தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்துக்கொண்டால், வேலைக்கு அத்தனை பவரில் பிளஸ் கண்ணாடி தேவைப்படும். கடையில் ரெடிமேடாக எடுக்கும் கண்ணாடி உங்கள் தூரத்துக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணமே இந்த அளவு யாருக்கும் தெரியாததுதான். அதை ஒரு சீட்டில் எழுதி ஆப்டிகல்ஸ் கடைக்கும் கொண்டு போங்கள்.

இதையே திருப்பியும் போடலாம். லென்ஸையே கிட்டப் பார்வைக்குக் கணக்குப் பண்ணி வைத்தால், பட்டறையில் கண்ணாடி வேண்டாம், வண்டி ஓட்டக் கண்ணாடி போட வேண்டும். காலமெல்லாம் மைனஸ் 3 கண்ணாடி போட்டு, அதைக் கழற்றிவிட்டுப் படித்தே பழகியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். அவர்களைக் கேட்காமலே தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால், "ஆபரேஷனுக்கு முன்னால் நன்றாகப் படித்தேனே" என்று குறைப்படுவார்கள். அந்தக் குறை நியாயமானது.

உங்களுக்கு எங்கள் யோசனை: தூரத்துக்கு மோனோஃபோக்கல், வேலைக்கு அளவெடுத்துச் செய்த கண்ணாடி. தீயும் தெறிப்பும் உள்ள வேலையில் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி எப்படியும் இருக்க வேண்டும். அதில் பவரும் இருந்துவிட்டுப் போகட்டும். தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் வைக்கும் ட்ரைஃபோக்கல் லென்ஸின் கிட்டத் தூரம் பொதுவாக 40 செ.மீ. சுற்றிலேயே நிற்கும். நீங்கள் 30 செ.மீ.யில் வைத்துப் பற்றவைப்பவரானால் அதை வைத்தும் கண்ணாடி தேடுவீர்கள்.

காபித் தோட்டத்தில் வேலை. வாரத்தில் மூன்று நான்கு நாள் இருட்டிய பிறகு ஜீப்பில் சேலத்திலிருந்து மேலே வருவேன். கண்ணாடியே தேவையில்லாத மல்டிஃபோக்கல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சரியா?
— வாசகர், நாகலூர், ஏற்காடு

உங்களுக்குச் சரியில்லை.

அந்த லென்ஸின் நடுப்பகுதியில், தண்ணீரில் கல் போட்டால் விரியும் வளையங்களைப் போல, நுண்ணிய வளையங்கள் செதுக்கியிருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அவை தூரம், நடு, கிட்டம் என்று பங்கு போடுகின்றன. ஒரு பங்கு தெளிவாக விழும்போது மற்றப் பங்குகள் அதைச் சுற்றி மங்கலாகப் பரவும். பகலில் மூளை அதைத் தள்ளிவிடும். இருட்டில் கண்மணி விரிந்திருக்க, எதிரே ஹெட்லைட் வந்தால் அதைச் சுற்றி வளையம் தெரியும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; பனிமூட்டம் இறங்கினால் விளக்குகள் புரை இல்லாதவருக்கே பொங்கித் தெரியும். அதோடு இந்த லென்ஸ்களில் கருமையையும் சாம்பலையும் பிரித்தறியும் திறன் சற்றுக் குறையும். பனியில் ரோட்டு ஓரத்தைப் பிரித்துப் பார்க்கத் தேவைப்படுவது அந்தத் திறன்தான்.

சில மாதங்களில் பழகிவிடும் என்பார்கள். பலருக்குப் பழகிவிடுகிறது, எல்லாருக்கும் அல்ல. பழகாதவருக்கு லென்ஸை மாற்ற வேண்டுமானால், காலம் போகப் போக அது கண்ணுக்குள் தன்னைத் தாங்கும் பையோடு ஒட்டிக்கொள்வதால் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடச் சிக்கல்.

வேறு வழி உண்டு. இரண்டு கண்ணிலும் மோனோஃபோக்கல்தான். ஒரு கண்ணைத் தூரத்துக்கும், மற்றதை மைனஸ் 0.75 முதல் 1.25 வரை விட்டும் வைப்பது. ஸ்பீடோமீட்டர், செல்போன், கடைப் பில் வரை கண்ணாடி இல்லாமல் ஓடும். பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி. தூரத்துக்கு வைக்கவேண்டியது ஓங்கிய கண்ணில். இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே தூரத்து விளக்கு ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஓங்கிய கண். புரை ஒரு கண்ணில் முற்றியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் ஓட்டும்போது இரண்டு கண்ணையும் தூரத்துக்குச் சமன் செய்யும் கண்ணாடி ஒன்றை ஜீப்பில் வைத்திருப்பதும் நல்லது.

மல்டிஃபோக்கல் யாருக்குமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இரவில் வண்டி ஓட்டாத, கண்ணாடி போடவே பிடிக்காத, விழித்திரை நன்றாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல லென்ஸ். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள், மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்ந்தவர்கள், கண் அழுத்த நோய் முற்றியவர்கள், கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) ஒழுங்கற்றவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மாகுலாவை ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை ஒளியால் படமெடுக்கும் சோதனை) எடுத்துப் பார்க்காமல் யாராவது இதைச் சிபாரிசு செய்தால், ஸ்கேன் எங்கே என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு ஒரு இடத்தில் லென்ஸ் பவர் 21 என்றார்கள், இன்னொரு இடத்தில் 22.5. யாரை நம்புவது?
— வாசகர், சூரமங்கலம்

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் ஏ-கான்ஸ்டன்ட் என்று ஓர் எண் உண்டு. அது மாறினால் அதே கண்ணுக்கு வேறு பவர் வரும். ஆகவே இரண்டு சீட்டிலும் லென்ஸ் மாடல் ஒன்றா என்று பாருங்கள். மாடல் வேறானால் பவரை ஒப்பிட்டுப் பயனில்லை. கண்ணின் நீளத்தையும் கருவிழி வளைவையும்தான் ஒப்பிட வேண்டும்.

சண்டை அங்கேதான் இருக்கும். சராசரிக் கண்ணின் நீளம் 23.5 மி.மீ. அளவு. அளப்பதில் 1 மி.மீ. தவறினால் ஆபரேஷனுக்குப் பிறகு 2.5 டயாப்டருக்கு (கண்ணாடி பவரின் அலகு) மேல் கண்ணாடி விழும். பழைய ஏ-ஸ்கேன் முறையில் ஒரு குச்சியைக் கருவிழியில் தொட்டு ஒலி அலையால் அளப்பார்கள். கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் குறுகியதாகக் காட்டும். கணக்கு அதிக பவர் சொல்லும். நோயாளி மைனஸ் பவரோடு வெளியே வருவார். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவியில் இந்தத் தவறு வராது. ஆனால் புரை நன்றாக முற்றிப் பால் போலாகிவிட்டால் ஒளி உள்ளே போகாது, ஏ-ஸ்கேனுக்கே திரும்ப வேண்டும். "முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த இடத்திலேயே ஒரு வசதியை இழக்கிறார்கள். கெட்டியான புரையை உடைத்து எடுக்கவும் கண்ணுக்குள் அதிக சக்தி செலவாகும்.

அளவு கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கண் வறண்டிருந்தால் கருவிழி வளைவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வரும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் மென் லென்ஸானால் குறைந்தது ஒரு வாரமும், கெட்டி லென்ஸானால் அதற்கும் மேலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அளக்கப் போக வேண்டும். இளவயதில் லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமான கணக்கு அவர்களுக்குத் தப்பாகும், வேறு சூத்திரம் போட வேண்டும்.

அம்மாவின் இரண்டு கண் நீளத்துக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டினால் மறுபடி அளப்பது நல்ல வழக்கம். உங்கள் விஷயத்தில் மாடல் ஒன்றாகவே இருந்தால், அந்த ஒன்றரை வித்தியாசம் கண்ணாடியில் ஏறக்குறைய 1 டயாப்டராக வரும். விட்டுவிடும் அளவல்ல. மூன்றாவது தடவை, வேறொரு நாள், காலையில், கண்ணில் எந்தச் சொட்டும் விடாமல் அளக்கச் சொல்லுங்கள்.

வெண்பட்டு நெய்கிறோம். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி 10 நாள். அந்தக் கண்ணில் பாவு நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரிகிறது, இடது கண்ணில் பழுப்பு. லென்ஸ் மாறிவிட்டதோ?
— வாசகி, கொண்டலாம்பட்டி

லென்ஸ் மாறவில்லை அம்மா. இடது கண்தான் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. புரை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நீல ஒளியைத் தடுத்துவிடும். மெதுவாக நடப்பதால் தெரியாது. ஒரு கண்ணில் அதை எடுத்ததும், எதிரே வைத்துப் பார்க்க ஆள் கிடைத்துவிடுகிறது! சில வாரங்களில் மூளை நீலத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை நிறம் பார்த்துச் சேர்க்கும் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள், அல்லது வலது கண்ணை மட்டும் நம்புங்கள்.

நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் சாயல் லென்ஸ்களும் உண்டு. அவை மாகுலாவைக் காக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. இடது கண்ணுக்கும் வலதில் வைத்த அதே சாயலில் கேளுங்கள். ஒன்று தெளிவு, ஒன்று மஞ்சள் என்று வைத்தால் இந்த வித்தியாசம் லேசாகவாவது கடைசிவரை இருக்கும்.

கண்ணாடியில் சிலிண்டர் பவர் 2 இருக்கிறது. அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் கட்டாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

கண்ணாடிச் சீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த 2-ல் ஒரு பகுதி கருவிழியிலிருந்தும் ஒரு பகுதி புரை விழுந்த லென்ஸிலிருந்தும் வருகிறது. பின்னது ஆபரேஷனிலேயே போய்விடும். கருவிழி அளவில் மட்டும் எத்தனை என்று கேளுங்கள். ஒன்றுக்கும் கீழே என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஒன்றரை, இரண்டு என்றால் டோரிக்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

டோரிக்கில் கெடக்கூடியது ஒன்றுதான்: சுழற்சி. குறித்த அச்சிலிருந்து 1 டிகிரி விலகினால் பலனில் சுமார் 3 சதவீதம் போகும்; 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு; 30 டிகிரியில் வைத்ததும் வைக்காததும் ஒன்று. படுத்தால் கண்ணே சில டிகிரி சுழலும் என்பதால் கையால் குறி போடுபவர்கள் உங்களை உட்கார வைத்துத்தான் கருவிழியில் குறியிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தூரம் மங்கலாக, எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். முதல் ஓரிரு வாரத்துக்குள் லென்ஸைத் திருப்பி வைப்பது எளிது.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வைக்கும் லென்ஸ் மட்டமானதா? இந்திய லென்ஸா, வெளிநாட்டு லென்ஸா?
— வாசகர், அயோத்தியாபட்டணம்

மட்டமில்லை. 1949-ல் லண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலில் கண்ணுக்குள் வைத்தது மடக்க முடியாத அக்ரிலிக் லென்ஸ்தான். இன்றைக்கும் அதே பொருளில், அதைவிடப் பல மடங்கு செம்மையாகச் செய்து வைக்கிறார்கள். மடக்க முடியாததால் 6 மி.மீ. அளவு வெட்டு வேண்டும். மடக்கும் லென்ஸுக்கு 3 மி.மீ.க்கும் குறைவு. வெட்டு பெரிதானால் ஆற நாளாகும், கொஞ்சம் சிலிண்டர் பவர் சேரலாம், கண்ணாடி எழுத 6 வாரம் ஆகும். ஆறியபின் கண்ணாடியோடு பார்க்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இராது. நாடு பார்த்துப் பயப்படவும் வேண்டாம்: மதுரையில் ஆரோலேப் நிறுவனம் 1992-ல் தொடங்கிய லென்ஸ் தயாரிப்பு இன்று பல நாடுகளுக்குப் போகிறது. மடக்கும் லென்ஸ்களில் நாடு பார்ப்பதைவிடப் பொருள் பார்ப்பது பயன்: நீர் ஒட்டாத ஹைட்ரோபோபிக் வகையில், கூர்விளிம்பும் இருந்தால், பின்னால் சவ்வு மங்குவது குறைவு.

லென்ஸ் எத்தனை வருடம் வரும்? பக்கத்து வீட்டில் இரண்டே வருடத்தில் மறுபடி புரை வந்துவிட்டதாம்.
— வாசகி, பொன்னம்மாபேட்டை

லென்ஸ் ஆயுளுக்கும் இருக்கும். வந்தது புரை அல்ல, லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் மங்கியது. யாக் லேசரால் அதில் சின்ன ஜன்னல் திறப்பார்கள். சில நிமிட வேலை, கத்தி இல்லை. திடீரென்று மின்னலோ, நிறையக் கரும்புள்ளிகளோ, திரை விழுந்ததுபோலவோ தெரிந்தால் மட்டும் அது வேறு விஷயம். அன்றைக்கே போக வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது. என்ன கேட்டு வாங்க வேண்டும்?
— வாசகர், இளம்பிள்ளை

பாலிசியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் (பெரும்பாலும் 2 ஆண்டு), ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு, மல்டிஃபோக்கல் டோரிக் வகைக்குப் பணம் உண்டா. பல பாலிசிகள் மோனோஃபோக்கல் அளவோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சம் உங்கள் கையிலிருந்து. அட்வான்ஸ் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்.

இன்சூரன்ஸைத் தாண்டி ஒன்று: புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஆண்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நிறுத்திவிட்டோமே என்று மறைக்கக்கூடாது. கண்மணியைச் சுற்றியுள்ள திரை (ஐரிஸ்) தளர்ந்து, ஆபரேஷன் நடுவில் கண்மணி சுருங்கும். முன்பே தெரிந்தால் அதற்கு ஏற்பாடு உண்டு.

கடைசியாக, லென்ஸ் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். மாடல், பவர், வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். பில்லில் எழுதிய மாடலும் ஸ்டிக்கரில் உள்ள மாடலும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். இன்னொரு கண்ணுக்கு வேறு ஊரில் ஆபரேஷன் செய்தாலும் அந்த டாக்டர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்; செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.