செகண்ட் லைஃபில் உடைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எதில் கவனம் வேண்டும்?

நமக்கென்று ஓர் அவதாரை (நம் உருவத்தை) வைத்துக்கொண்டு உலவும் இணைய உலகமான செகண்ட் லைஃபில் கிடைக்கும் உடைகளை அவதாருக்கு அணிவித்து, படமெடுத்து, வலைப்பதிவாக எழுத நினைப்பதாகவும், எதில் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருஷமாக இதைச் செய்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், எந்த உடலில் அணிந்தீர்கள் என்று எழுதுங்கள். 2003-ல் இந்த உலகம் திறந்தபோது உடை என்பது பெரும்பாலும் அவதாரின் தோல்மேல் பூசிய ஓவியம்தான், யாருக்கும் பொருந்திவிடும். 2011-ல் மெஷ், அதாவது முப்பரிமாண வடிவமாகவே செய்த உடைகளும் உடல்களும், வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது மைத்ரேயா லாரா, லெகசி, ரீபார்ன் என்று தனித்தனியாக விற்கும் உடல்களைத்தான் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். லாராவுக்காகச் செய்த சட்டை ரீபார்னில் சேராது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர், பெட்டியைப் பிரித்துத் தன் உடலுக்கு உரியது அதில் இல்லை என்று பார்த்தால் எவ்வளவு வருத்தப்படுவார்! பெரும்பாலான கடைகளில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அப்புறம், உடையைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். ஒருமுறை ஒரு நீளமான கவுன், நின்றால் அவ்வளவு அழகு. உட்கார்ந்தவுடன் தொடை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. நான் நின்ற படத்தை மட்டும் போட்டேன், தோளில் தெரிந்த சின்னப் பிசிறையும் அழித்துவிட்டேன். அதை நம்பி வாங்கிய ஒரு தங்கை, "அக்கா, இதைப் போட்டுட்டு உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எந்தக் குறை இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வாங்குமுன் பார்க்கக் கடைகள் தரும் டெமோ இலவசம்தான், அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லியும் எழுதுகிறேன்.

வெளிச்சம் அடுத்தது. ஃபயர்ஸ்டார்ம் போன்ற வியூவரில் (இந்த உலகத்துக்குள் நுழைய உதவும் மென்பொருளில்) இடத்தின் வானத்தை விட்டுவிட்டு நமக்கென்று ஒரு வானத்தை வைத்துக்கொள்ளலாம். அந்திவானம் படத்துக்கு அழகு சேர்க்கும், ஆனால் அரக்கு நிறம் ஆரஞ்சாகிவிடும். அதனால் உங்கள் ரசனைக்கு ஒரு படம், துணியின் உண்மை நிறம் தெரிய மிதமான வெளிச்சத்தில் ஒரு படம் என்று இரண்டு போடுங்கள். 2023 இறுதியில் பிபிஆர் (பொருள்மேல் ஒளி படுவதை நிஜம்போலக் காட்டும் முறை) வந்ததிலிருந்து இது இன்னும் முக்கியமாகிவிட்டது. அப்படிச் செய்த வளையல் சுற்றியுள்ளதைப் பிரதிபலிப்பதால், அறைக்குள் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும்.

உடைக்கு மட்டும் பெயர் போட்டால் போதாது. முடி, தோல், செருப்பு, போஸ் (அவதார் நிற்கும் தோரணை), பின்னணி எல்லாவற்றுக்கும் செய்தவர் பெயரும் கடைக்குப் போகும் இணைப்பும் வேண்டும். போஸ் செய்பவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அவர்கள் உழைப்பில்தான் நம் படமே நிற்கிறது. கொலாபர்88 மாதிரி மாதந்தோறும் நடக்கும் சந்தையில் வாங்கியதாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை நடக்கும் ஃபிஃப்டி லிண்டன் ஃப்ரைடே போன்ற 50 லிண்டன் டாலர் (அந்த உலகத்துப் பணம்) விற்பனையைப் பற்றித் திங்கட்கிழமை எழுதிப் பயனில்லை.

கடைக்காரர்கள் இலவசமாக உடை தருவார்கள், பதிலுக்கு மாதம் இத்தனை பதிவு என்று கேட்பார்கள். நான் ஆசையில் ஒன்பது கடைகளுக்கு ஒப்புக்கொண்டு, தூக்கம் கெட்டு, பாதியில் விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் இரண்டு மூன்று கடைகளோடு தொடங்குங்கள், அதுவும் நீங்களே காசு கொடுத்து வாங்கிப் போட்டுப் பார்த்த கடைகளாக இருக்கட்டும். எது இலவசமாக வந்தது என்பதைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, முதல் பதிவு போட்டதும் இங்கே சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.